தரப்படுத்தல்: கணக்கைக் காட்டாத காலம்

இலங்கைத் தமிழரின் அண்மைக்கால அரசியல் வரலாற்றை எழுதப் புகும் எவரும் தரப்படுத்தலைத் தொடாமல் செல்வதில்லை. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்கு அடுத்த படியாக அதனை வைப்போர் உளர். ஆயுதப் போராட்டத்தின் ஊற்றுக்கண் அதுவே என்று துணிந்து கூறுவோரும் உளர். ஆனால் இதுபற்றி எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போது ஒரு குறை எனக்கு நெடுநாளாகவே உறுத்தி வந்துள்ளது. இனத்தின் கண் கொண்டு பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மாவட்டத்தின் கண் கொண்டு பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் குனிந்திருந்து எழுதிய பிள்ளையின் கண் கொண்டு பார்த்தவர்கள் குறைவு. தன்னுடைய விடை எவ்வாறு மதிக்கப்படப் போகிறது என்பதை அறிய அந்தப் பிள்ளைக்கு உரிமை இருந்ததா? அது மாற்றப்பட்டபோது யாராவது அவனிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

இந்தக் கேள்வியின் வேர் தரப்படுத்தலுக்கும் முந்தியது. 1880இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கையில் நடத்தப்படத் தொடங்கிய நாள் முதல், நம் நாட்டுப் பிள்ளைகளின் விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. யாரோ முகந்தெரியாத ஒருவர் திருத்தினார். பெறுபேறு மாதங்கள் கழித்து வந்தது. அதனை மறுத்துப் பேச எவரும் நினைக்கவில்லை. திருத்துபவருக்கு எழுதியவனின் ஊரும் தெரியாது, சாதியும் தெரியாது என்பதே அந்த முறை மீது யாழ்ப்பாணத்தார் வைத்திருந்த நம்பிக்கையின் அடிப்படை. 'சோதனை' என்பது கடவுள் தீர்ப்புக்கு அடுத்ததாகக் கருதப்பட்ட ஒரு சமூகம் அப்படித்தான் உருவாகியது. தண்ணீர் குறைந்த மண்ணில் பரீட்சைப் புள்ளியே பயிராகிவிட்ட கதையை நான் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. இதை வாசிப்போரிற் பலர் அந்தப் பயிரின் விளைச்சல்களே.

1945இல் இலவசக் கல்வி வந்தது. பின்னர் படிப்படியாகத் தாய்மொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கும் ஏறியது. அறுபதுகளின் பிற்பகுதியில் விஞ்ஞான பாடங்களையும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதும் நிலை வந்தது. ஒரே வினாத்தாள், இரண்டு மொழிகள், இரண்டு திருத்துநர் குழுக்கள். பழைய நம்பிக்கை இங்கேதான் முதலில் கீறல் கண்டது. முன்பு திருத்துபவருக்கு எழுதியவனின் இனம் தெரியாது. இப்போது விடைத்தாளின் மொழியே அதைச் சொல்லிவிட்டது.

1970 மே மாதத் தேர்தலில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். அவ்வருடப் பல்கலைக்கழக அனுமதிக்கான பட்டியல் தயாராகும் வேளையில், பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழிமூல மாணவர்கள் மிகுதியாகத் தெரிவாகிறார்கள் என்ற செய்தி கசிந்தது. தமிழ்ப் பரீட்சகர்கள் தம் பிள்ளைகளுக்குப் புள்ளிகளை அள்ளி வழங்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு தெற்கில் எழுந்தது. அது நிரூபிக்கப்படவேயில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தின் நிழலிலேயே 1971ஆம் ஆண்டு அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டன. நானூறு புள்ளிகளுக்கு, மருத்துவத்துக்குச் சிங்களமொழிமூல மாணவருக்கு 229, தமிழ்மொழிமூல மாணவருக்கு 250. பொறியியலுக்கு 227, 250. பௌதிக விஞ்ஞானத்துக்கு 183, 204. மிருக வைத்தியத்துக்கு 181, 206. கட்டடக் கலைக்கு 180, 194.

இந்த எண்களை நம்மவர்கள் மேடைகளில் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. ஆயினும் அதிகம் சொல்லப்படாத ஒன்றுண்டு. மாணவர்கள் பரீட்சை எழுதி முடித்த பின்னரே இந்த விதி வந்தது. எழுத உட்கார்ந்தபோது ஒரு விதி, புள்ளி வந்தபோது இன்னொரு விதி. துடுப்பாட்டம் முடிந்த பின்னர் எல்லைக்கோட்டை நகர்த்தியதைப் போன்றது இது.

தமிழ் மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். 1970இல் பொன்னுத்துரை சத்தியசீலன் முதலியோர் தொடங்கிய தமிழ் மாணவர் பேரவை, யாழ்ப்பாணத்தில் பள்ளி மாணவர்களைத் திரட்டி ஊர்வலம் நடத்தியது. அக்காலத்துத் தமிழ்த் தலைவர்கள் பாராளுமன்றத்தில் பேசுவதோடு நின்றபோது, மாணவர்கள் தமக்குரிய பிரச்சினையைத் தாமே எடுத்துக்கொண்டு புறப்பட்டது அதுவே முதற்தடவை எனலாம். அதன் பின்னர் அந்தத் தெருவில் நடந்தவை வேறு வரலாறு. பேரவையில் இயங்கிய உரும்பிராய் பொன். சிவகுமாரன் 1974 ஜூன் 5ஆம் திகதி சயனைட் அருந்தி மாண்டபோது அவருக்கு வயது இருபத்துநான்கைத் தாண்டவில்லை. மனு எழுதினால் வாசிக்க ஓர் அலுவலகம், வாதாட ஒரு மன்று, கணக்கைக் கேட்டால் காட்ட ஓர் அதிகாரி இருந்திருந்தால் அத்தலைமுறை வேறு வழியில் போயிருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். வரலாற்றில் 'இருந்திருந்தால்' என்ற சொல்லுக்கு இடமில்லை. அவை மூன்றும் இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

2012ஆம் ஆண்டு, வேறொரு செய்தி சேகரிப்பின் பொருட்டு வடமராட்சியில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். 1970இல் அவர் பெற்றிருந்தது 241 புள்ளிகள். சிங்களத்தில் எழுதியிருந்தால் பொறியியலாளர். தமிழில் எழுதியதால் விஞ்ஞான பீடம், பின்னர் கணித ஆசிரியர். நல்ல ஆசிரியர் என்று ஊர் சொல்லும். கசப்பை எதிர்பார்த்தே நான் கேள்வியைக் கேட்டேன். அவர் சொன்னது வேறு.

"தம்பி, வாத்தியாரா வந்ததில எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. எத்தினையோ எஞ்சினியர்மாரை நான் உருவாக்கியிருக்கிறன். ஆனா அந்தக் கணக்கை ஆர் போட்டது, எப்பிடிப் போட்டது எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை. பேப்பரில பாத்துத்தான் அறிஞ்சனாங்கள். ஒரு கணக்கு வாத்தியாருக்கு அதுதான் பொறுக்கேலாத விசயம். செய்கை காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் நான் என்ர பிள்ளையளுக்குப் புள்ளி போடமாட்டன்."

அந்தச் 'செய்கை' எவ்வாறு இருந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம். 1971இல் வெட்டுப்புள்ளிகள் வெளிப்படையாகவே இரண்டாக இருந்தன. அது பார்வைக்கே பாரபட்சமாகத் தெரிந்தது. எனவே 1973இல் அதைவிட நுட்பமான முறை வந்தது. ஒவ்வொரு மொழிமூலத்திலும் பெற்ற புள்ளிகளைத் தனித்தனியே எடுத்து, ஒரு பொது அளவுகோலுக்கு மாற்றினார்கள். ஒரு மொழியில் எத்தனை வீதத்தினர் பரீட்சைக்குத் தோற்றினார்களோ, ஏறத்தாழ அந்த வீதத்திலேயே அம்மொழியினர் தெரிவாகும்படி கணக்கு அமைந்தது. தரப்படுத்தல் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் இதுதான். இரண்டு தொகுதியினரும் சராசரியில் சமமான ஆற்றலுடையோர், புள்ளி வேறுபட்டால் அது திருத்தியவரின் வேறுபாடே என்ற அனுமானம் இதன் அடியில் கிடக்கிறது. ஒரு தொகுதிக்கு நல்ல ஆய்வுகூடங்கள் இருந்தன, மற்றையதற்கு இல்லை என்பது உண்மையாயின், அதற்கான பரிகாரம் வேறு. அதைத் திருத்துநரின் கைங்கரியமாகக் கருதி எண்களால் சமன் செய்வது, நோயொன்றிருக்க மருந்தொன்று கொடுப்பதாகும்.

பின்னர் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு விதி. 1974இல் தரப்படுத்தலின் மேல் மாவட்ட ஒதுக்கீடு ஏறியது. 1975இல் முழுவதுமே மாவட்டச் சனத்தொகை அடிப்படை. 1976இல் எழுபது வீதம் புள்ளிக்கு, முப்பது வீதம் மாவட்டத்துக்கு. அந்த முப்பதில் பாதி கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிறந்த மூன்று சகோதரர்கள் மூன்று வெவ்வேறு விதிகளின் கீழ் பல்கலைக்கழக வாசலில் நின்றார்கள். விஞ்ஞானம் சார்ந்த துறைகளில் 1970இல் 35.3 வீதமாக இருந்த தமிழ் மாணவர் பங்கு 1974இல் 20.9 வீதமாகவும் 1975இல் 19 வீதமாகவும் இறங்கியது.

யாழ்ப்பாணத்தில் பேசக் கூச்சப்படும் ஒன்றையும் இங்கு சொல்லியாக வேண்டும். மாவட்ட ஒதுக்கீட்டை நான் மொழிவாரித் தரப்படுத்தலோடு ஒரே கூடையிற் போடமாட்டேன். மன்னாரில், வவுனியாவில், மட்டக்களப்பில், அம்பாறையில் உயர்தர விஞ்ஞான வகுப்பே அரிதாயிருந்த காலத்தில், அந்த மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தது அந்த ஒதுக்கீடே. கண்டிய மலைக்கிராமத்துச் சிங்களப் பிள்ளைக்கும் அப்படியே. அடிபட்டது யாழ்ப்பாணமும் கொழும்பும். கொழும்பின் சிங்கள மாணவனும் தோற்றான், ஆனால் அவனுக்காக ஊர்வலம் எவரும் போகவில்லை. 'மாணவர் குரல்' என்று நாம் சொல்லும்போது அது ஒரே குரல் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. யாழ்ப்பாணத்து மாணவனை அழைத்துக் கேட்டிருந்தால் ஒன்றைச் சொல்லியிருப்பான். முருங்கன் மாணவன் இன்னொன்றைச் சொல்லியிருப்பான். இருவரையும் ஒரே மேசையில் இருத்திப் பேச வைப்பது ஆளுவோரின் கடமையாக இருந்தது. இருவரையுமே வெளியில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

1977இல் வந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட்டது. மாவட்ட ஒதுக்கீடு நிலைத்தது. 30:55:15 என்றிருந்த பங்கீடு பின்னாளில் 40:55:5 என்றாகியது. இடைப்பட்ட போர்க்காலம் பற்றிய ஒரு குறிப்பு மட்டும்: எங்கள் தலைமுறையில் பரீட்சை நடக்குமா என்பதே கேள்வியாக இருந்தது; எப்படித் திருத்துவார்கள் என்று கேட்க எவருக்கும் தெம்பிருக்கவில்லை.

2001இல் இசட் புள்ளி வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்த முறை அது. கலைப் பட்டதாரியான எனக்கு இது புரிய இரண்டு நாள் எடுத்தது. வாசகர்களுக்கு இரண்டு நிமிடத்தில் சொல்ல முயல்கிறேன். ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற சராசரி 40, புள்ளிகளின் பரம்பல் அளவு 10 என்போம். அதில் 60 எடுத்தவர் சராசரிக்கு இரண்டு படி மேலே நிற்கிறார். இன்னொரு பாடத்தில் சராசரி 50, பரம்பல் 20. அதில் 70 எடுத்தவர் ஒரு படிதான் மேலே. ஆகவே கடினமான பாடத்தின் 60, இலகுவான பாடத்தின் 70ஐவிடப் பெரிது. பாடங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வை நீக்க இது நேர்மையான வழியே.

ஆனால் 2011 ஆகஸ்டில் நடந்த உயர்தரப் பரீட்சை ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. முதல்முறை தோற்றியோர் புதிய பாடத்திட்டத்தில் எழுதினார்கள். மீண்டும் தோற்றியோர் பழைய பாடத்திட்டத்தில் எழுதினார்கள். வினாத்தாள்கள் வேறு, எழுதிய கூட்டமும் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் கணக்கிட்டே இசட் புள்ளி வெளியிடப்பட்டது. டிசம்பர் இறுதியில் பெறுபேறு வந்தபோது மாவட்டத் தரவரிசையிலும் பிழைகள் தென்பட்டன. அந்த நாட்களில் பத்திரிகை அலுவலகத் தொலைபேசிகள் ஓயவில்லை. "நேற்று எட்டாவது எண்டு போட்டிருந்தது, இண்டைக்கு வேற காட்டுது, எதை நம்புறது?" என்று கேட்ட ஒரு தாய்க்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

இம்முறை மாணவர்கள் வீதிக்கும் போனார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். அடிப்படை உரிமை மனுக்கள் உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகின. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே பக்கத்தில் நின்ற அபூர்வமான வழக்கு அது. இரண்டு தொகுதியினரையும் ஒன்றாக்கியது தவறு என்று, முறையை வகுத்த தட்டில் அவர்களே பகிரங்கமாகக் கூறினார். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளை இரத்துச் செய்து, இரு தொகுதியினரையும் தனித்தனியாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு உத்தரவிட்டது. பழைய கணிப்பை நம்பியிருந்தோரைக் கைவிடவும் முடியாமல், பல்கலைக்கழகங்கள் மேலதிகமாகவும் மாணவரைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

நான் வடமராட்சிக்குப் போனது இந்தச் செய்திக்காகவே. கணித ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்டைக்கு ஒரே பேப்பரை ரெண்டாப் பிரிச்சு எங்களுக்கு அநியாயம் செய்தாங்கள். இண்டைக்கு ரெண்டு பேப்பரை ஒண்டாக்கி இந்தப் பிள்ளையளுக்கு அநியாயம் செய்திருக்கிறாங்கள்." ஐம்பது பக்க அறிக்கையில் வரவேண்டியதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். பிரிப்பது சரியா, சேர்ப்பது சரியா என்பதற்குப் பொதுவிதி கிடையாது. எதைப் பிரிக்கிறோம், எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதை வெளியில் வைத்து விவாதித்திருந்தால், புள்ளிவிபரவியல் படித்த எத்தனையோ பேர் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். பரீட்சை எழுதப்போகும் மாணவர்களே சொல்லியிருப்பார்கள்; அவர்களிற் பலர் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்கள் அல்லவா?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று புலம்பெயர்ந்த வாசகர்கள் எண்ணிவிடலாகாது. 2020இல் பெருந்தொற்றுக் காரணமாக இங்கிலாந்தில் ஏ-லெவல் பரீட்சைகள் நடைபெறவில்லை. ஆசிரியர்கள் மதிப்பீடு கொடுத்தார்கள். ஒவ்குவால் என்ற ஒழுங்குபடுத்தும் நிறுவனம் அதனைப் பாடசாலையின் முன்னைய ஆண்டுப் பெறுபேறுகளோடு பொருத்தி, கணினிச் சூத்திரம் ஒன்றால் 'தரப்படுத்தியது'. ஓகஸ்ட் 13ஆம் திகதி வெளிவந்த பெறுபேற்றில், ஆசிரியர் கொடுத்த தரங்களில் 39.1 வீதம் குறைக்கப்பட்டிருந்தது. பின்தங்கிய பாடசாலையின் கெட்டிக்காரப் பிள்ளை, தனக்கு முன்னர் அப்பாடசாலையில் படித்தவர்களின் பெறுபேற்றால் கீழே இழுக்கப்பட்டது. மாணவர்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் அந்தச் சூத்திரத்தைத் திட்டிப் பதாகை ஏந்தினார்கள். நான்காம் நாள், ஓகஸ்ட் 17இல், அரசாங்கம் பின்வாங்கி ஆசிரியர் மதிப்பீட்டையே ஏற்றது. ஸ்கொட்லாந்து அதற்கு ஒரு வாரம் முன்னரே பின்வாங்கியிருந்தது. லண்டனில் இருக்கும் என் உறவினர் ஒருவர், எழுபதுகளில் தரப்படுத்தலால் நாட்டைவிட்டுப் போனவர், தன் பேத்தியின் பெறுபேற்றை வைத்துக்கொண்டு அன்றிரவு தொலைபேசியில், "கடல் கடந்தும் பின்னால வந்திட்டுதடா" என்றார். நான்கு நாளில் அது திரும்பிப் போனது. எங்களுக்கு 1971இலிருந்து 1977 வரை எடுத்தது என்று நான் அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

சூத்திரம் ஒருபுறமிருக்க, தன் விடைத்தாளைத் தானே பார்க்கும் எளிய உரிமை என்னவாயிற்று? இந்தியாவில் 2011 ஆகஸ்ட் 9ஆம் திகதி, மத்திய இடைநிலைக் கல்விச் சபைக்கு எதிராக மாணவர் ஒருவர் தொடங்கிய வழக்கில், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்வையிடும் உரிமை பரீட்சார்த்திக்கு உண்டென்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சபைகள் அதனை விரும்பவில்லை. இலட்சக்கணக்கான தாள்களை எப்படிக் காட்டுவது என்று வாதிட்டன. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது, அதற்காக ஆண்டுக்கணக்கில் எழுதிய பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன் என்ற முறையில் மகிழ்ந்தேன். உலகத் தரவரிசைகளில் முன்னணியில் வைத்து மெச்சப்பட்ட சட்டம் அது. ஆனால் தகவலை மறுக்கலாம் என்று அது கூறும் காரணங்களின் பட்டியலை ஆறுதலாக வாசித்தபோது ஐந்தாம் பிரிவில் ஓரிடத்தில் கண் நின்றது. பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, வர்த்தக இரகசியம் என்று வரிசையாக வருவனவற்றின் நடுவே, பரீட்சைத் திணைக்களமோ உயர்கல்வி நிறுவனமோ நடத்தும் பரீட்சைகள் தொடர்பில் இரகசியமாக வைக்கப்பட வேண்டிய தகவல்களும் விலக்களிக்கப்பட்டுள்ளன. எது இரகசியமாக வைக்கப்பட வேண்டியது என்பதை முதலில் தீர்மானிப்பது, கேள்வி கேட்கப்படும் அதே நிறுவனம்தான். பெறுபேற்றில் ஐயமுள்ள பிள்ளை இங்கு மீள்பரிசீலனைக்குப் பணம் கட்டி விண்ணப்பிக்கிறது. மாதக்கணக்கிற் காத்திருந்த பின் அதற்குக் கிடைப்பது புள்ளி மாறியதா இல்லையா என்ற விடை மட்டுமே. செய்கை இன்னமும் காட்டப்படுவதில்லை.